சரோஜா கொண்டுவந்த சீசா

சீசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெளியே நின்ற வேப்பமரம் அதற்குள் தலைகீழாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு.

"பாருங்க மயில்சாமி, கொண்டு வந்தா இப்படிக் கொண்டு வரணும். எத்தனை சுத்தம்!" என்று என் உதவியாளரிடம் உரக்கச் சொன்னேன். வராந்தா பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

எதிரே நின்ற பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பெயர் சரோஜா. மேட்டுப்பாளையத்துக்காரி. கணவர் ஆறுமுகம் காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். அவள் இடுப்பில் அவர்களுடைய ஐந்து வயது மகள் கவிதா. சீசா வெள்ளைத் துண்டில் சுற்றி, மஞ்சள் பையில் வைத்து, காலை பஸ்ஸில் வந்திருந்தது.

உள்ளே இருந்தது சிறுநீர். "வாரப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதித்தான் ஆகணுமா மேடம்?" என்று ஆசிரியர் கேட்டார். என் பிழைப்பே அதை வைத்துத்தான் நடந்தது தம்பி, அதை விட்டுவிட்டு நான் எதை எழுதுவது என்றேன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

என் ஆராய்ச்சி வாழ்க்கையில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். செல்கள் செத்திருக்கின்றன, கருவிகள் எரிந்திருக்கின்றன. ஆனால் அன்றைக்கு அந்தச் சீசாவைப் பாராட்டியதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. எப்படி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய் வழவழப்பு

போன வாரம் நான் வெளிநாட்டிலிருந்து கோயமுத்தூருக்குத் திரும்பிய கதையைப் படித்துவிட்டு ஈரோட்டு வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "நீங்கள் எதை ஆராய்ச்சி செய்தீர்கள் என்று ஆறு வாரமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை" என்கிறார். நியாயமான கோபம்தான்.

நம் உடம்பில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே வழவழவென்று ஒரு பொருள் இருக்கிறது. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டுமே, ஏறக்குறைய அந்தப் பதம். மூட்டு மடங்குவதும் கண் தெளிவாக இருப்பதும் அதனால்தான். புரோட்டியோகிளைக்கான் என்று பெயர். ஒரு புரதத் தண்டில் நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். என் இளமை முழுக்க அந்தச் சங்கிலிகளின் பின்னால் போனது.

அவை பழசானால் செல் அவற்றை உள்ளே இழுத்து, லைசோசோம் என்கிற குட்டிப் பைக்குள் போட்டு, நொதிகளை வைத்துத் துண்டுதுண்டாக்கிவிடும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்த நொதிகளில் ஒன்று இருக்காது. சங்கிலி அறுபடாமல் சேர்ந்துகொண்டே போகும். வயிறு வீங்கும். விரல்கள் மடங்கி நிமிராமல் நிற்கும். உயரம் நின்றுவிடும். கண்ணில் புகை படரும். சில வகைகளில் அறிவும் மங்கும். சில வகைகளில் அறிவு மட்டும் துளிக்கூட மங்காது. இந்த இரண்டில் எது பெரிய கொடுமை என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இது நடந்த தொண்ணூறுகளில் இதற்கு மருந்து கிடையாது. இன்ன நோய் என்று பெயர் சொல்ல முடியும். அடுத்த குழந்தைக்கு வருமா வராதா என்று சொல்ல முடியும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் பஸ் ஏறி வந்தார்கள்.

என் ஆய்வகம் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில், உடைந்த ஸ்ட்ரெச்சர்கள் போட்டு வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு அறை, ஒரு வராந்தா. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் ஒருநாள் கப்பென்று நின்றுபோனது. கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வர மூன்று மாதம் என்றார்கள். மயில்சாமி அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்து, பீளமேட்டில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொண்டுபோனார். அவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுவும் மோட்டார்தானுங்களே, என்னமோ ஏதோன்னு பயந்துட்டனுங்க" என்றாராம். சாயங்காலமே ஓடியது. நான் ஊரை விட்டுப் போகாமல் இருந்ததற்கு அப்படிப்பட்ட ஆட்களும் ஒரு காரணம்.

மயில்சாமியை இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை. என் வயதுதான். கிணத்துக்கடவுப் பக்கம். டெக்னீஷியன் என்று சம்பளப் பதிவேட்டில் எழுதியிருக்கும். என்னை எதிர்த்துப் பேசத் தைரியமுள்ள ஒரே ஆள் என்றும் அதில் எழுதியிருக்கலாம்.

என் வாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, இத்தனை வாரம் படித்திருக்கிறீர்கள்.

காலையில் முதல் தடவை போவதைப் பிடித்து வாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வோம். கொடுத்தனுப்ப எங்களிடம் போதுமான சீசா இருக்காது. ஆகவே கையில் கிடைத்ததில் கொண்டுவருவார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், தேன் பாட்டில். கழுவியது பாதி, கழுவாதது பாதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோதனையே கெட்டுப்போகும்.

ஒருநாள் பவானியிலிருந்து ஒருவர் குவார்ட்டர் பிராந்தி பாட்டிலில் கொண்டுவந்தார். சித்திரை வெயிலில் பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். மூடியைத் திறந்ததும் அறையே நாறிப்போனது. எனக்கு அன்று என்ன எரிச்சலோ.

"ஏனுங்க, இப்படி நாத்தத்தைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரா நீட்டறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா? கொஞ்சம் சுத்தபத்தமா கொண்டு வரக்கூடாதா?" என்று கத்தினேன். அந்த மனிதர் கோபப்படவே இல்லை. "தப்புத்தானுங்க, தப்புத்தானுங்க" என்று இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு நின்றார். இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அன்றைக்கு வராந்தா பெஞ்சில் முதல் தடவையாக வந்து உட்கார்ந்திருந்தாள் சரோஜா. குழந்தை டாக்டர் ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். அதற்கு முன்னால் நான்கு இடத்தில் எலும்பு வளர்ச்சிக் குறைவு என்று சொல்லிச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். சரோஜாவுக்கும் ஆறுமுகத்துக்கும் சொந்தத்தில் கல்யாணம், அவர் அவளுடைய அத்தை மகன்.

கவிதாவைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மூக்குத்தண்டு அமுங்கியிருந்தது. விரல் நுனிகள் லேசாக உள்ளே வளைந்திருந்தன. ஆனால் பேச்சு? அம்மாடி! மைக்ராஸ்கோப்பைப் பார்த்து, "இதுல எட்டிப் பாத்தா எங்கூரு மலை தெரியுமுங்களா?" என்று கேட்டாள். மயில்சாமி அவளைத் தூக்கி வெங்காயத்தோலைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் அவளுக்கு மயிலண்ணன்.

போகும்போது சரோஜா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"அடுத்தது ஒண்ணு பெத்துக்கலாமுங்களா டாக்டரம்மா? இவளாட்டவே ஆயிருமோன்னு அவரு பயப்படறாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாச் செரிங்க."

"அடுத்த வாரம் சாம்பிள் கொண்டு வா அம்மணி. பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

நீலத்தில் நனைத்த தாள்

அடுத்த வாரம் வந்ததுதான் அந்தக் கண்ணாடிச் சீசா.

சோதனை சின்னதுதான். வடிதாளில் ஒரு சொட்டு வைத்து உலர்த்தி, நீலச் சாயத்தில் முக்கி, அலச வேண்டும். நோய் இருந்தால் அறுபடாத சங்கிலிகள் சிறுநீரில் கலந்திருக்கும், சாயத்தைப் பிடித்துக்கொண்டு ஊதா வட்டமாக நிற்கும். இல்லாவிட்டால் தாள் வெளுத்துவிடும்.

கவிதாவின் தாள் வெளுத்துவிட்டது.

மயில்சாமி சீசாவை இன்னொரு தடவை கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இது என்னமோ பில்லூர் டேம் குழாய்த் தண்ணியாட்ட இருக்குதுங்களே. காத்தால புடிச்சதுன்னா இப்படியா இருக்கும்?"

"குழந்தைக்கு அம்மா நிறையத் தண்ணீர் கொடுக்கிறாள். உங்களுக்கென்ன?"

"எத்தனை நீர்த்துக் கெடக்குதுன்னு அந்த இன்னொரு டெஸ்ட்டைப் பாத்துப்போடலாமுங்க. எரிஞ்சு போன மிசினு பல்பு புதன்கெழமை வந்துரும். ரண்டு நாள்தானுங்களே."

இதை மட்டும் அன்று கேட்டிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. "எனக்குச் சொல்லித் தர வேண்டாம்" என்றேன். மயில்சாமி தாளை உலர வைத்தார்.

வராந்தாவுக்குப் போய்ச் சரோஜாவிடம் சொன்னேன். "நான் பார்க்கிற நோய் இது இல்லை அம்மணி. எலும்பு டாக்டரிடமே காட்டுங்கள். அடுத்த குழந்தையா? தாராளமாகப் பெற்றுக்கொள்."

அவள் என் காலைத் தொட வந்தாள். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். அந்த மட்டுக்காவது எனக்குப் புத்தி இருந்திருக்கிறது.

புறக்கடையில் பார்த்தது

அடுத்த வருஷம் ஆவணியில், மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். என் சிநேகிதியின் தங்கைக்கு. முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது காய்கறி மண்டி வாசலில் ஆறுமுகம் நிற்கிறார். விடுவாரா? "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணுமுங்க" என்று என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேலெல்லாம் உருளைக்கிழங்கு மண்வாசம்.

வீட்டு வாசலில் கவிதா உட்கார்ந்து பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பலப்பத்தை இரண்டு விரலால் பிடிக்க முடியாமல், மடங்கிய நான்கு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சொருகிப் பிடித்திருந்தாள். தலையைத் தூக்கினாள். கருவிழியில் லேசான புகை. ஒரு வருஷத்தில் ஒரு விரற்கடை கூட வளர்ந்திருக்கவில்லை.

"மயிலண்ணன் வல்லீங்களா?" என்றாள்.

எந்தத் தாளும் எந்தச் சாயமும் வேண்டியிருக்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

சரோஜா உள்ளிருந்து வந்தாள். ஏழு மாதம் நிறைந்த வயிறு. "வாங்க டாக்டரம்மா" என்று சிரித்தாள்.

நான் குரலை அடக்கிக்கொண்டு, "அம்மணி, கவிதாவுக்கு இன்னொரு தடவை சாம்பிள் பார்க்கலாம் போலிருக்கு. நாளைக் காலையில் பிடித்து அனுப்புகிறாயா?" என்றேன்.

"இப்பத்தானுங்க போனா. தாரேனுங்க" என்று சீசா எடுத்துக்கொண்டு, குழந்தை சிறுநீர் போகும் சட்டியையும் எடுத்துக்கொண்டு புறக்கடைக்குப் போனாள். கை கழுவலாம் என்று நானும் எழுந்து பின்னால் போனேன்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு போசி, எங்கள் பக்கத்துப் பாத்திரம். போசியின் வாயில் வெள்ளை வேட்டித் துணி. அதில் சட்டியிலிருந்ததை ஊற்றினாள். பிறகு குடத்திலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர். இன்னொரு சொம்பு. வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்.

"என்ன அம்மணி பண்றே?"

அவள் திடுக்கிடக்கூட இல்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"வடிச்சுக் கொண்டாரேனுங்க. இவளுக்கு எப்பவும் மஞ்சளாத்தான் போகுதுங்க, வாசமும் அடிக்குது. படிச்சவங்க கையில அதயவா குடுக்கறதுங்க?"

"அன்னிக்கும் இப்படித்தான் செஞ்சியா?"

"ஆமாங்க. அந்தப் பவானிக்காரரை நீங்க பேசினப்ப நானு பெஞ்சுல இருந்தனுங்களே. சுத்தபத்தமாக் கொண்டாரக்கூடாதான்னு கேட்டீங்க. நமக்கு அந்தப் பேச்சு வரப்படாதுன்னு போட்டு, நல்லாத் தண்ணி ஊத்தி, ரண்டு தடவை வடிச்சுக் கொண்டாந்தேனுங்க." கொஞ்சம் நிறுத்தி, வெட்கத்தோடு சொன்னாள். "நீங்களுந்தான் எத்தனை சுத்தம்னு சொன்னீங்க."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். பட்டுப்புடவை நனைந்தது தெரிந்தது.

சொன்னேன்

ஊருக்குப் போய்ச் சோதனை செய்துவிட்டுக் கடிதம் போடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், வந்தது. பஸ் ஏறிவிட்டால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. வெட்கம் கெட்ட நினைப்பு.

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். கவிதாவுக்கு இருப்பது நான் பார்க்கிற அந்த நோய்தான். முதல் தடவை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். சரோஜா மேல் ஒரு தப்பும் இல்லை, சந்தேகம் வந்தும் பார்க்காமல் விட்டது நான். வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இனி பிறந்த பிறகுதான் பார்க்க முடியும்.

சரோஜா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அழவில்லை. "நாந்தானுங்களா தண்ணி ஊத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லை. நீ இல்லை" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அந்த ஒரு தடவைதான் என் வாய் எதற்காவது உருப்படியாகப் பயன்பட்டது.

ஆறுமுகம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம், "உங்க வார்த்தைய நம்பித்தானுங்க..." என்றார். தலையை ஆட்டிக்கொண்டார். "காப்பி ஆறுதுங்க. குடிங்க."

எங்கள் ஊர்க்காரர்களிடம் இதுதான் கஷ்டம். வயிறு எரியும்போதும் 'ங்க' போகாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதாவது இருப்பேன். அந்தக் காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அடுத்த நாள் மயில்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு அட்டையை எடுத்து, ஸ்கேல் வைத்து வரம்பு போட்டு, பெரிய எழுத்தில் எழுதி வராந்தாவில் மாட்டினார்.

'தண்ணி ஊத்தாமக் கொண்டாங்க. வாசம் எங்களுக்குப் பழக்கமுங்க.'

அவருக்கு எழுத்தில் வேறு தமிழ் வராது. அந்த அட்டை நான் ஓய்வு பெறும் வரை அங்கேயே தொங்கியது.

தூக்குப்போசி

கவிதாவை வரவழைத்து, ஆஸ்பத்திரி டாக்டரை விட்டுக் கையிலிருந்து பொட்டளவு தோல் எடுத்து, செல்களை வளர்த்தேன். எந்த நொதி இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டுமே. இரண்டு மாதமாக அந்தச் செல்களைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். நொதி தெரிந்தது. அறிவைத் தொடாத வகை.

ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், மழை விட்டு வெயில் அடித்த நேரம். ஆறுமுகம் கையில் எவர்சில்வர் தூக்குப்போசியுடன் வந்து நின்றார். விடிகாலையில் பையன் பிறந்திருக்கிறான். போசிக்குள் மண்டியிலிருந்து உடைத்துப் போட்ட ஐஸ். ஐஸுக்கு நடுவே, நான் முன்கூட்டியே பிரசவ டாக்டரிடம் கொடுத்து வைத்திருந்த குழாயில் தொப்புள்கொடி ரத்தம். கூடவே நான் கேட்காத ஒரு சின்னச் சீசா.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"பையனோடதுங்க. அவதான் குடுத்துவுட்டா. வெளுப்பாத்தான் இருக்குதாமுங்க, ஆனாத் தண்ணி ஊத்துலீன்னு கண்டிப்பாச் சொல்லச் சொன்னாளுங்க."

பிறந்த குழந்தைக்கு அது வெளுப்பாகத்தான் இருக்கும். எனக்கு அது தேவையும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கி மேஜை மேல் வைத்தேன்.

மூன்று குழாய். ஒன்றில் மயில்சாமியின் ரத்தச் செல்கள், நோயில்லாதவருக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க. ஒன்றில் நான் வளர்த்து வைத்திருந்த கவிதாவின் செல்கள். மூன்றாவதில் பையனுடையது. நொதிக்கு அது அறுக்கிற பொருளை உண்ணக் கொடுத்து, உடம்புச் சூட்டில் வைத்து, கடைசியில் காரம் ஊற்ற வேண்டும். நொதி வேலை செய்திருந்தால் குழாய் சிவக்கும்.

குழாய்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கரண்ட் போய்விட்டது. சனியனே என்று மெயின் பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். மயில்சாமி ஆறுமுகத்தின் போசியிலிருந்த ஐஸைக் கொட்டிவிட்டு, டீக்கடைக்கு ஓடி அதிலேயே வெந்நீர் வாங்கி வந்தார். தெர்மாமீட்டரைத் தொட்டியில் நட்டு, சூடு இறங்க இறங்க டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டே நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

காரம் ஊற்றினேன். மயில்சாமியின் குழாய் சிவந்தது. கவிதாவுடையது அப்படியே வெளுத்து நின்றது.

பையனுடையதும் சிவந்தது.

மயில்சாமி ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையால் என்னிடம் வெள்ளைத்தாளை நீட்டினார், பின்னால் வைத்து நிறத்தைப் பார்க்க. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் கால் பரபரத்தது. ஒரு தடவை அவசரப்பட்டது போதாதா? பாதி ரத்தத்தை எடுத்து வைத்திருந்தேன். வெளியே வந்து, "நாளைக் காலையில் இன்னொரு தடவை செய்து பார்த்துவிட்டு, நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன்" என்றேன்.

ஆறுமுகம் என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன்.

"நல்லதோ கெட்டதோ, நீங்களே வந்து சொன்னாச் செரிங்க" என்றார்.

பத்து விரல்

காலையிலும் சிவந்தது. மத்தியான பஸ்ஸைப் பிடித்தேன். காரமடை தாண்டியதும் மலை தெரிந்தது, மேலே மேகம் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலையே வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

தூளியில் குழந்தை. பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கவிதா உட்கார்ந்திருந்தாள். தம்பியின் மூடிய கையைத் தன்னுடைய நிமிராத விரல்களால் மெதுவாக நெம்பி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தாள். விட்டதும் அவன் மூடிக்கொண்டான். மறுபடி பிரித்தாள்.

என்னைப் பார்த்ததும், "தம்பிக்கு எல்லா வெரலும் நீளுதுங்க. பத்தும் நீட்டிப் பாத்துப்போட்டேன்" என்றாள்.

"ஆமா கண்ணு. சரியாகத்தான் பார்த்திருக்கே" என்றேன். பிறகு சரோஜாவைப் பார்த்துச் சொன்னேன். "இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் குழாய் சிவந்தது. இவனுக்கு அந்த நோய் இல்லை."

சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆறுமுகம் புறக்கடைக்குப் போய்விட்டார். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது, வெகு நேரம் கேட்டது. நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அழுது ஓய்ந்த பிறகு, குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள் சரோஜா.

"டாக்டரம்மா, நானு ஒண்ணு நெனச்சேனுங்க. அன்னிக்குத் தண்ணி ஊத்தாமக் கொண்டாந்திருந்தா, அடுத்தது வேண்டாமுன்னு சொல்லியிருப்பீங்க. நாங்களும் வேண்டாமுன்னு இருந்திருப்போம். இவன் ஏதுங்க?"

அந்தத் தப்பு என் தப்பு. அதன் எடையில் குன்றிமணி கூடக் குறையவில்லை. ஆனால் அது என் மடியில் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

கவிதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வயதுக்கு மேலாகியும் மூன்று வயதுக் குழந்தையின் உயரம்தான்.

"தம்பிது செவந்துச்சுங்களா?"

"சிவந்துச்சு கண்ணு."

"மயிலண்ணனுது?"

"அதுவும் சிவந்துச்சு."

"என்னோடது செவக்கலீங்களா?"

சரோஜா அவளை இழுக்கக் கை நீட்டினாள். அந்தக் கையை நான் தடுத்தேன். இந்த வீட்டாரிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை, கேட்கிறவர்களுக்கு இதமாக, இல்லாததைச் சொல்லியிருக்கிறேன்.

"இல்லை கண்ணு. உன்னோடது சிவக்கலை."

கவிதா என் முகத்தைப் பார்த்தாள். என் கண் இன்னும் காயவில்லை. அந்தப் புகை படர்ந்த கண்ணுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மடங்கிய கையால் என் புடவையைத் தடவிக் கொடுத்தாள்.

"பரவால்லீங்க டாக்டரம்மா" என்றாள்.

அவள் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே. தன் துக்கத்தை என் கையில் கொடுக்குமுன் அவளும் அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தாள்.